தமிழ் விக்கிப்பீடியாவில் பங்களிக்கத் தொடங்குதல்

தமிழ் விக்கிப்பீடியா என்பது தன்னார்வலர்கள் எழுதித் திருத்தும் கட்டற்ற இணையக் கலைக்களஞ்சியம் ஆகும். 2003ஆம் ஆண்டு தொடங்கிய இது, 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. இதில் எழுதப் பட்டமோ முன்அனுமதியோ தேவையில்லை. புதியவர்கள் தம் ஊர்க் கட்டுரையில் ஒரு சிறு திருத்தத்துடன் தொடங்கலாம்.

முதல் திருத்தம்

ஊர்களைப் பற்றிய தகவல்கள் விரைவில் பழையனவாகிவிடும். தாம்பரம் பகுதி இதற்கு எடுத்துக்காட்டு. 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, தாம்பரம் புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும் சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவானது.

மாடம்பாக்கத்தை இன்னும் பேரூராட்சி என்று கூறும் வரி எங்கேனும் இருந்தால், அதை நம்பி ஒரு மாணவர் தம் ஒப்படைப்பில் தவறாக எழுதக்கூடும். அவ்வரியைத் திருத்துவதே பயனுள்ள பங்களிப்பு. பழைய நிலையை அழித்துவிடாமல், அது எந்த ஆண்டு வரை பொருந்தியது என எழுதுவது சிறந்தது.

வழிமுறை

கணக்கு ஒன்றைத் தொடங்கிக்கொண்டால் ஒருவரின் திருத்தங்கள் யாவும் ஒரே பயனர் பெயரில் பதிவாகும். பக்கத்தின் மேலுள்ள ‘தொகு’ என்பதை அழுத்தி, வரியைத் திருத்தி, மாற்றத்தின் காரணத்தைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு வெளியிட வேண்டும். எழுதிப் பழகுவதற்கு ‘மணல்தொட்டி’ என்னும் தனிப் பக்கம் உண்டு.

சான்று

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்குதான். உள்ளூர்க்காரர் என்பதற்காக ஒருவர் சொல்வது சான்றாகிவிடாது. 1863இல் இராபர்ட் புரூசு பூட் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த செய்தி பல நூல்களில் பதிவாகியுள்ளது. அதனை மேற்கோளுடன் சேர்க்கலாம். ஊர்ப் பெயருக்குப் பாட்டி சொன்ன காரணம் உண்மையாகவே இருந்தாலும், அச்சான ஆதாரம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். வேறோர் ஊரில் இருப்பவரும் சரிபார்க்க முடியுமா என்பதே அளவுகோல். நாளிதழ்ச் செய்தியை அப்படியே படியெடுத்து ஒட்டுவது பதிப்புரிமை மீறல். தகவலை மட்டும் எடுத்துச் சொந்த நடையில் எழுத வேண்டும்.

திருத்தம் நீக்கப்பட்டால்

சேர்த்ததை மற்றொரு பயனர் நீக்கினால் மனம் தளர வேண்டியதில்லை. முந்தைய வடிவங்கள் பக்கத்தின் வரலாற்றில் இருக்கும். மீண்டும் மீண்டும் சேர்க்காமல், பேச்சுப் பக்கத்தில் காரணம் கேட்டுச் சான்றை முன்வைக்கலாம். பொதுவான ஐயங்களை ‘ஆலமரத்தடி’ பக்கத்தில் கேட்கலாம்.