எட்டுக் கால் பொருத்தம்

வீட்டிலேயே ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் செய்பவருக்கு விலை உயர்ந்த உதிரிபாகம் முக்கியமல்ல. ஒன்றோடொன்று ஒத்துப்போகும் உதிரிபாகமே முக்கியம். கெல்ட்ரான் பிறந்த திருவனந்தபுரத்துக்கு இது புதிய பாடமல்ல.

ஒரு தகர டப்பா, இரண்டு 9 வோல்ட் பேட்டரி, விரல் நகம் அளவில் ஒரு ஐ.சி., ஒரு பிடி ரெசிஸ்டர், சில கப்பாசிட்டர்கள். இவ்வளவுதான். திருவனந்தபுரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் செய்துவிடலாம். படம் பார்த்து பாகங்களைப் பொருத்தி, சால்டரிங் முடித்து, பேட்டரியை இணைத்தால் பாட்டு வரும். ஆனால் கூடவே ஒரு 'டப்' சத்தமும் வரும். சில வாரங்களில் ஒரு பேட்டரி மற்றதைவிட முன்னதாகத் தீர்ந்துபோகும். ஹெட்போனில் ஏதோ கோளாறு என்று தோன்றும். உண்மையில் ஹெட்போன் நிரபராதி.

குற்றவாளி, படத்தில் சொன்ன ஐ.சி. கிடைக்காமல் கடையில் கொடுத்த வேறொரு ஐ.சி.

1990-களின் இறுதியில் அமெரிக்கரான சு மோய் வெளியிட்ட சர்க்யூட்தான் உலகம் முழுவதும் இப்படி வீட்டில் செய்யப்படும் ஆம்ப்ளிஃபயர்களுக்குத் தாய். பெப்பர்மின்ட் டப்பாவுக்குள் அடங்கிவிடும் எளிமை அதன் கவர்ச்சி. அதன் இதயம் ஆப்-ஆம்ப் எனப்படும் ஐ.சி. ஒரே ஐ.சி.க்குள் இரண்டு ஆம்ப்ளிஃபயர், வெளியே எட்டுக் கால்கள். இந்த வகையில் பல கம்பெனிகள் செய்யும் ஐ.சி.க்களிலும் கால்களின் வரிசை ஒன்றுதான். ஒன்றைக் கழற்றி மற்றொன்றைச் சாக்கெட்டில் செருகலாம். எட்டுக் கால்களும் பொருந்தும். ஆனால் அது பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துக் கல்யாணத்தை முடிப்பது போல.

1979-லேயே சந்தைக்கு வந்து, பல ஒலிப்பதிவுக் கூடங்களின் கருவிகளில் இடம்பிடித்த என்இ5532-ஐ எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஐ.சி., விலையும் குறைவு. ஆனால் வேலை செய்வதற்காக அது தன் உள்ளீட்டுக் கால் வழியாக ஒரு சிறு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. வழக்கமாக 200 நானோஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் 50 லட்சத்தில் ஒரு பங்கு. சு மோய் சர்க்யூட்டில் அந்தக் காலில் இருப்பது 100 கிலோஓம் ரெசிஸ்டர். இரண்டையும் பெருக்கினால் 20 மில்லிவோல்ட். ஆம்ப்ளிஃபயர் அதை 11 மடங்காக்கினால் 220 மில்லிவோல்ட். பாட்டே இல்லாதபோதும் இந்த நேர் மின்சாரம் ஹெட்போனுக்குள் போய்க்கொண்டே இருக்கும். 32 ஓம் ஹெட்போனில் அது சுமார் 7 மில்லிஆம்பியர். ஹெட்போன் சுருளை நடுநிலையிலிருந்து தள்ளிவைக்கவும், பேட்டரியைக் காலிசெய்யவும் அது போதும். ஓபிஏ2134 போன்ற ஐ.சி.யில் இதே மின்னோட்டம் நானோவில் ஆயிரத்தில் சில பங்குதான். அதற்கு 100 கிலோஓம் ஒரு பொருட்டே அல்ல.

என்இ5532 மட்டும்தான் கையில் இருக்கிறதா? ரெசிஸ்டரை 10 கிலோஓம் ஆக்கினால் பிரச்னை பத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் அத்துடன் முடியாது. உள்ளீட்டில் இருக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், 100 கிலோஓமுடன் சேர்ந்தபோது 16 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்த ஒலியை விட்டுக்கொடுக்காமல் அனுப்பியது. 10 கிலோஓமுடன் சேர்ந்தால் 160 ஹெர்ட்ஸிலேயே ஒலி இளைக்கத் தொடங்கிவிடும். தவிலும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் மெலிந்துபோகும். ஆகவே கப்பாசிட்டரை 1 மைக்ரோஃபாரட் ஆக்க வேண்டும். அது உருவத்தில் பெரியது. தகர டப்பா மூடாமல் போகலாம். ஒரு பாகத்தை மாற்றினால் இன்னும் இரண்டை மாற்ற வேண்டும், டப்பாவையும் சேர்த்தால் மூன்று.

அடுத்த பொருத்தம் ஹெட்போனுடன். சாதாரண ஹெட்போன்கள் 32 ஓம். ஸ்டூடியோ வகையில் சில 300 ஓம். 1 வோல்ட் ஒலி சிக்னலுக்கு 32 ஓம் ஹெட்போன் உச்சத்தில் 44 மில்லிஆம்பியர் இழுக்கும். 300 ஓம் ஹெட்போனுக்கு 5 மில்லிஆம்பியர்கூட வேண்டாம். அதனால்தான் டிஎல்072 என்ற மலிவான ஐ.சி. 300 ஓமில் நன்றாகப் பாடி, 32 ஓமில் கரகரக்கிறது. 70 மில்லிஆம்பியர் தரக்கூடிய என்ஜேஎம்4556 போன்றவை 32 ஓமுக்கு ஏற்றவை. ஆனால் உள்ளீட்டு மின்னோட்டத்தில் அதுவும் என்இ5532-க்குத் தம்பி முறைதான். ரெசிஸ்டரைக் குறைத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது பொருத்தம், எத்தனை மடங்கு பெருக்குவது என்பது. இன்றைய போன்களும் அவற்றுடன் இணைக்கும் அடாப்டர்களும் பல நேரம் 1 வோல்ட் வரை தருகின்றன. அதை 11 மடங்காக்கினால் பேட்டரி தாங்காது, உச்சங்கள் வெட்டுப்படும். 2 அல்லது 3 மடங்கே போதும். நேர் மின்சாரத் தொல்லையும் அதே அளவு குறையும்.

இந்தக் கணக்குகளுக்கு இடையே ஓசையின்றி உட்கார்ந்திருக்கும் கப்பாசிட்டர் விஷயத்தில் திருவனந்தபுரத்துக்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு. மாநில அரசு நிறுவனமாக கெல்ட்ரான் இங்கே 1973-ல் தொடங்கியபோது, அதைக் கட்டியெழுப்பிய கே.பி.பி. நம்பியார் பெட்டியை மட்டும் செய்யும் கம்பெனியோடு நிற்கவில்லை. உள்ளே போகும் பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்றார். ரெசிஸ்டருக்கும் கிரிஸ்டலுக்கும் தனித்தனி நிறுவனங்கள் எழுந்தன. கப்பாசிட்டருக்கான ஆலை அவருடைய சொந்த ஊரான கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரிக்குப் போனது. இறக்குமதி லைசென்சுக்குக் காத்திருந்த அந்தக் காலத்தில் உதிரிபாகம் கையருகே இருப்பதே பெரிய சுதந்திரம்.

1991-க்குப் பிறகு சந்தை திறந்தது. கெல்ட்ரான் டிவி கண்ணில் படாமல் போயிற்று. ஆனால் கல்யாசேரியில் கப்பாசிட்டர் உற்பத்தி நிற்கவில்லை. இஸ்ரோவின் தொழில்நுட்ப உதவியுடன் 2024-ல் அங்கே சூப்பர் கப்பாசிட்டர் உற்பத்தியும் தொடங்கியது. 2023-ல் நிலவுக்குப் போன சந்திரயான்-3 திட்டத்துக்கும் கெல்ட்ரான் மின்னணுத் தொகுதிகளைத் தந்திருந்தது. ராக்கெட்டில் எந்தப் பாகம் எதனுடன் சேரும் என்பதைச் சோதித்துப் பார்க்காமல் யாரும் ஏற்றுவதில்லை. தகர டப்பாவுக்கு மட்டும் அந்தச் சோதனை வேண்டாமா?

வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவோ, மும்பை லாமிங்டன் ரோடோ, பெங்களூரின் எஸ்.பி. ரோடோ, இன்று எந்த ஐ.சி.யும் கிடைக்கும். உறுதியாகக் கிடைப்பது அதன் மேல் அச்சிட்ட பெயர் மட்டுமே. மலிவான 4558-இன் முதுகைச் சுரண்டி வேறு எண் அச்சிட்டு விற்பது பழைய வித்தை. அன்று பாகத்துக்குத் தட்டுப்பாடு. இன்று நம்பிக்கைக்குத் தட்டுப்பாடு. கண்டுபிடிக்கச் சாதாரண மல்ட்டிமீட்டர் உதவும். ஹெட்போனை இணைக்காமல், பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். உண்மையான என்இ5532 வழக்கமாக 8 மில்லிஆம்பியர் எடுக்கும். 4558 அதில் பாதிகூட எடுக்காது. எல்லாப் போலியும் இதில் சிக்காது என்றாலும் இந்த வகைப் போலி பெரும்பாலும் சிக்கிவிடும்.

பொருத்தம் பார்க்கும் பஞ்சாங்கம், ஒவ்வொரு ஐ.சி.க்கும் அதன் கம்பெனி இலவசமாகத் தரும் டேட்டாஷீட். பல பக்கங்கள் இருந்தாலும் தொடக்கத்தில் நான்கு வரிகள் போதும்: குறைந்தபட்ச மின்னழுத்தம், உள்ளீட்டு மின்னோட்டம், தரக்கூடிய உச்ச மின்னோட்டம், எத்தனை மடங்குக்குக் கீழே நிலையாக இயங்காது என்பது. கடைசி வரியை மறப்பவர்கள் அதிகம். சில ஆப்-ஆம்ப்கள் 3 மடங்குக்கும், சில 5 மடங்குக்கும் குறைவாகப் பெருக்கச் சொன்னால் தாமே ஊளையிடும். காதுக்குக் கேட்காத உயரத்தில் அந்த ஊளை நிகழும்போது, ஐ.சி. காரணமின்றிச் சூடாவது மட்டுமே தெரியும்.

எல்லாம் பொருந்திய பிறகு ஒரு எச்சரிக்கை. பல ஹெட்போன்களில் வெறும் 1 மில்லிவாட்டே 100 டெசிபலை எட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். இந்தத் தகர டப்பாவுக்கு 20 மில்லிவாட் சாதாரணம். எந்தக் கடையிலும் மாற்றுப் பாகம் கிடைக்காதது காது ஒன்றுதான்.

அதனால் ஹெட்போனைச் செருகும் முன், வால்யூமைக் குறைத்துவிட்டு, வெளியீட்டில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு பக்கமும் 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஜாதகம் பொருந்திவிட்டது என்று அர்த்தம். 220 காட்டினால் முகூர்த்தத்தைத் தள்ளிப்போடலாம். நஷ்டம் ஒரு ரெசிஸ்டர்தான்.