கடைக்கு இடம் பார்க்கும்போது பாடசாலையையும் பாருங்கள்

எனக்குத் தெரிந்த ஹாட்வெயார் வியாபாரி ஒருவர் சில வருடங்களுக்கு முன் கிழக்கிலிருந்து வடமேல் மாகாண நகரம் ஒன்றுக்குத் தொழிலை மாற்றினார். நல்ல கணக்காளி. கடை எடுப்பதற்கு முன் அந்த நகரத்துக்கு நான்கு தடவை போய் வந்தார். பிரதான வீதியில் நின்று எத்தனை லொறி போகிறது, எத்தனை வீடு கட்டப்படுகிறது, பக்கத்துக் கடைக்காரர் சீமெந்தை என்ன விலைக்குக் கொடுக்கிறார் என்றெல்லாம் பார்த்தார். முற்பணத்தைப் பேசிக் குறைத்தார். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய் ஜனவரியில் கடையைத் திறந்தார்.

பாடசாலையைப் பற்றி அவர் விசாரித்தது ஒரே ஒருவரிடம். அவரும் கடைச் சொந்தக்காரர். "நல்ல ஸ்கூல்தான் ஹாஜியார், மதிலில் பாருங்கள்" என்றார் அவர். மதிலில் உண்மையாகவே பெரிய பதாகை ஒன்று தொங்கியது. 9 பாடங்களிலும் 'ஏ' எடுத்த மூன்று பிள்ளைகளின் படங்கள் அதில் இருந்தன.

மூத்த மகன் தரம் 9இல் சேர்ந்தான். முதல் தவணை முழுவதும் அவனுடைய வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லை. இரண்டாம் தவணையில் வந்தவர் மூன்று மாதத்தில் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவி, பிள்ளைகளை மீண்டும் ஊருக்கே அனுப்பினார். இப்போது இரண்டு வீட்டுச் செலவு. இரு வாரத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் ஊருக்குப் பயணம். அவர் இல்லாத நாட்களில் கடையில் விற்பனை பாதி. "ரோட்டப் பார்த்தன், கடையப் பார்த்தன், ஸ்கூலத்தான் பார்க்கல்ல" என்று என்னிடம் சொன்னார்.

தொழிலுக்காகக் குடும்பத்தோடு இடம் மாறும் வியாபாரி பாடசாலையைப் பார்க்காமல் கடை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கக் கூடாது. பிள்ளையின் படிப்பில் வரும் இழப்பு கடைசியில் கடைக் கணக்கிலும் வந்து சேரும். ஆனால் பாடசாலையை எப்படிப் பார்ப்பது?

வியாபாரிக்கு இடமாற்றக் கோட்டா இல்லை

அரசாங்க உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்று வந்தால், அவருடைய பிள்ளையைத் தரம் 1இல் சேர்ப்பதற்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையில் தனிப் பிரிவே உண்டு. வியாபாரிக்கு அப்படி எதுவும் இல்லை. தரம் 1 அனுமதியில் பெரிய பங்கு பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கு ஒதுக்கப்படுகிறது. அடுத்த பங்குகள் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கும், அங்கே ஏற்கனவே படிப்போரின் சகோதரர்களுக்கும் போகின்றன. புதிதாக ஊருக்கு வருபவருக்குத் திறந்திருக்கும் வழி பெரும்பாலும் முதலாவதுதான்.

அந்த வழியிலும் புள்ளிக் கணக்கு உண்டு. தேருநர் இடாப்பில் எத்தனை வருடமாகப் பெயர் இருக்கிறது, வீடு சொந்தமா குத்தகையா, வீட்டுக்கும் விண்ணப்பிக்கும் பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலைகள் எத்தனை இருக்கின்றன என்பதையெல்லாம் பார்த்தே புள்ளி தருவார்கள். ஆகவே அண்மையில் குடிவந்தவருக்குப் புள்ளி குறையும். விண்ணப்பமும் வழமையாக முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கோரப்படுகிறது. பிள்ளைக்கு ஜனவரி 31ஆந் திகதியன்று 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். டிசம்பரில் வீடு மாறி ஜனவரியில் தரம் 1இல் சேர்க்கலாம் என்ற கணக்குச் சரிவராது. சின்னப் பிள்ளை உள்ளவர்கள் பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போகும் காலத்திலேயே இடத்தைத் தீர்மானித்துப் பதிவுகளை மாற்றிக்கொள்வது நல்லது.

இடைத் தரங்களுக்கு வெற்றிடம் இருந்தால்தான் இடம் கிடைக்கும். அதிபரை நேரில் சந்தித்து, விடுகைப் பத்திரம் எடுப்பதற்கு முன்பே இடம் உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அது இலஞ்சம். கொடுப்பவரும் சட்டத்தில் மாட்டிக்கொள்வார்.

பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரிய வேண்டும்

'தேசிய பாடசாலை' என்ற பலகையைக் கண்டதும் தரமும் தேசிய மட்டத்தில் இருக்கும் என்று நினைக்கிறோம். யார் நிர்வகிக்கிறார்கள் என்பதைத்தான் அந்தப் பலகை சொல்கிறது. தேசிய பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ் வருபவை. நாட்டிலுள்ள ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை மாகாண சபைகளின் கீழ் இருக்கின்றன. நன்றாக நடக்கும் மாகாணப் பாடசாலைகளும் உண்டு, பெயரை மட்டும் வைத்துக் காலம் தள்ளும் தேசிய பாடசாலைகளும் உண்டு.

நாம் கேட்க வேண்டியது பாடசாலையின் வகை. 1ஏபீ என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் இருக்கிறது. 1சீ என்றால் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் இருக்கும், விஞ்ஞானப் பிரிவு இருக்காது. வகை 2 தரம் 11உடன் முடிகிறது. வகை 3 ஆரம்ப வகுப்புகளுக்கு உரியது. உங்கள் மகள் தரம் 7இல் இருக்கிறாள், உயிரியல் படிக்க ஆசைப்படுகிறாள், நீங்கள் போகும் நகரத்தில் இருப்பது 1சீ பாடசாலை மட்டுமே என்றால், நான்கைந்து வருடத்தில் இன்னொரு இடமாற்றமோ விடுதிச் செலவோ காத்திருக்கிறது.

வடக்கு கிழக்குக்கு வெளியே மொழிமூலத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தமிழ் மூலம் தரம் 11 வரை இருக்கும், உயர்தர விஞ்ஞானம் தமிழில் இருக்காது. அல்லது பிரிவு இருக்கும், பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்க மாட்டார். சிங்கள மூலத்தில் சேர்க்க நினைப்போர் தரம் 1இலேயே சேர்ப்பது பிள்ளைக்கு இலகு. தரம் 7, 8 வரை தமிழில் படித்த பிள்ளையைத் திடீரென்று மாற்றினால் பாடமும் மொழியும் ஒன்றாகப் பாரமாகிவிடும். ஆங்கிலத்தில் சில பாடங்களைக் கற்பிக்கும் இருமொழிக் கல்வி 2002இலிருந்து தரம் 6 முதல் நடக்கிறது. அது எந்தெந்தப் பாடங்களுக்கு, எந்த ஆசிரியரைக் கொண்டு நடக்கிறது என்று கேளுங்கள்.

பதாகைக் கணக்கும் உண்மைக் கணக்கும்

அரிசி வாங்கும் வியாபாரி சாக்கின் வாயில் இருப்பதை மட்டும் பார்த்து விலை பேச மாட்டார். நடுவில் ஊசி குத்தி எடுத்துக் கையில் போட்டுப் பார்ப்பார். மதிலில் தொங்கும் '9 ஏ' பதாகை சாக்கின் வாயில் இருக்கும் அரிசியைப் போன்றது.

ஓர் உதாரணம். ஒரு பாடசாலையில் 200 பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். 12 பேருக்கு 9 ஏ. உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றவர்கள் 110 பேர். இன்னொரு பாடசாலையில் தோற்றியவர்கள் 60 பேர். ஒருவருக்கு மட்டும் 9 ஏ. தகுதி பெற்றவர்கள் 45 பேர். பதாகை முதல் பாடசாலைக்குத்தான் பெரிதாக இருக்கும். ஆனால் அங்கே தகுதி பெற்றவர்கள் 100க்கு 55 பேர், இரண்டாவதில் 75 பேர். உங்கள் பிள்ளை நடுத்தரமாகப் படிக்கிற பிள்ளை என்றால் எந்தப் பாடசாலை உகந்தது என்பதைக் கணக்கே சொல்லும்.

ஆகவே மூன்று எண்களைக் கேளுங்கள். எத்தனை பேர் தோற்றினார்கள்? எத்தனை பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றார்கள்? கணிதத்தில் எத்தனை பேர் சித்தியடையவில்லை? பொதுவாகத் தாய்மொழி, கணிதம் உட்பட 6 பாடங்களில் சித்தியும் அவற்றில் 3 திறமைச் சித்தியும் இருந்தால்தான் உயர்தரம் போகலாம். எனவே கணிதம்தான் அதிகமான பிள்ளைகளை மறிக்கும் படலை. ஒரு வருடக் கணக்கு போதாது, மூன்று வருடக் கணக்கைக் கேளுங்கள்.

இன்னும் இரண்டு விடயங்கள் உண்டு. முதலாவது, தரம் 9இல் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பரீட்சை மண்டபம் வரை வந்தார்கள்? படிப்பில் பின்தங்கியவர்கள் இடையில் விலகிப் போனால் வீதம் தானாகவே உயர்ந்துவிடும். இரண்டாவது, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் உயர்ந்த புள்ளி எடுத்தவர்களைப் பொறுக்கியெடுக்கும் பாடசாலையில் பெறுபேறு நன்றாகத்தான் இருக்கும். நல்ல விதையைக் கொண்டுவந்து விதைத்தவர் விளைச்சலைக் காட்டுகிறார். தரம் 1இலிருந்து அங்கேயே படித்த சாதாரணப் பிள்ளை எப்படித் தேறியது என்று விசாரித்தால் கற்பித்தலின் தரம் தெரியவரும்.

காலை பத்து மணிக்குப் போங்கள்

பரிசளிப்பு விழாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ போய்ப் பாடசாலையை எடைபோட முடியாது. சாதாரண வேலை நாளொன்றில் காலை பத்து மணியளவில் அதிபரின் அனுமதியோடு போங்கள். எத்தனை வகுப்புகள் ஆசிரியர் இல்லாமல் இரைந்துகொண்டிருக்கின்றன என்று பாருங்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்களா? கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை பேர் மாறிப் போனார்கள்? ஆய்வுகூடத்துப் போத்தல்களில் தூசி படிந்திருக்கிறதா? பெண்பிள்ளைகளின் மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா?

அந்தப் பாடசாலையில் படிக்கும் பிள்ளை ஒன்றின் அப்பியாசக் கொப்பியை வாங்கிப் பாருங்கள். சிவப்புப் பேனையால் திருத்திய அடையாளம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறதா, அல்லது தவணைக்கு ஒரு தடவை போட்ட ஒரு கோடுதானா? அங்கே கற்பிக்கும் ஆசிரியர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளை எங்கே படிக்க விட்டிருக்கிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.

நேரில் கேட்டால் சொல்லத் தயங்குவார்கள் என்று நினைத்தால் சட்டம் ஒன்று துணைக்கு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச பாடசாலையின் ஆசிரியர் எண்ணிக்கை, வெற்றிடங்கள், பெறுபேறுகள் போன்றவற்றை வலயக் கல்வி அலுவலகத்திடம் கோரலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். கடை ஒப்பந்தம் பேசி முடிப்பதற்கு எப்படியும் ஒரு மாதம் பிடிக்கும். அதற்குள் ஒரு கடிதம் எழுதுவது நமக்குப் பெரிய வேலையல்ல.

எந்தத் தரத்தில் மாற்றக் கூடாது?

நல்ல பாடசாலை கிடைத்தாலும் எந்த நேரமும் மாறலாம் என்று இல்லை. தரம் 5இல் இருக்கும் பிள்ளையைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன் அசைக்காமல் இருப்பது நல்லது. சாதாரண தரப் பாடத்திட்டம் தரம் 10, 11 இரண்டையும் சேர்த்தது. பிள்ளை தெரிவுசெய்த தொகுதிப் பாடம் புதிய பாடசாலையில் இல்லாவிட்டால் நடுவில் வேறு பாடம் எடுக்க வேண்டிவரும். தரம் 9 முடிவதற்குள் மாறுங்கள், இல்லையேல் பரீட்சை முடியும்வரை பொறுங்கள்.

உயர்தரத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கலைத் துறை தவிர்ந்த பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்கு 40 வீதமானோர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானோர் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதமானோர் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டிலும் தெரிவாகிறார்கள். ஒரு பிள்ளை எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்று தீர்மானிக்கும்போது, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் அது எங்கே படித்தது என்பது பார்க்கப்படுகிறது. இதே இசெட் புள்ளிக்கு ஒரு மாவட்டத்தில் மருத்துவம் கிடைக்கும், இன்னொரு மாவட்டத்தில் கிடைக்காது. தரம் 10க்குப் பின் மாவட்டம் மாறுவோர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஒருமுறை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

செலவைச் சேர்த்துப் பாருங்கள்

1945இலிருந்து நமது நாட்டில் கல்வி இலவசம். ஆனால் ஆசிரியர் இல்லாத பாடசாலை இலவசமாக இருந்தாலும் பெற்றாருக்குச் செலவுதான். இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் வேன் கட்டணத்தையும், பாடத்துக்குப் பாடம் கொடுக்கும் பிரத்தியேக வகுப்புக் கட்டணத்தையும், பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்காகக் கடையை விட்டு நீங்கள் போகும் நேரத்தையும் எழுதிக் கூட்டுங்கள். வாடகை குறைந்த வீடுதான் மாத முடிவில் கூடிய செலவாகிறது என்று பலர் பிறகே உணர்கிறார்கள்.

எல்லாம் பொருந்திய பாடசாலை கிடைப்பது அரிது. ஆசிரியர்கள் ஒழுங்காக வருகிற, கணக்கை மறைக்காமல் காட்டுகிற அதிபர் இருக்கிற சிறிய பாடசாலை என்றால் தயங்காமல் சேருங்கள். கட்டடக் குறையையும் தளபாடக் குறையையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் சேர்ந்து நாலு வியாபாரிகள் நிவர்த்தி செய்யலாம். இல்லாத கணித ஆசிரியரை நாம் உண்டாக்க முடியாது.

அந்த ஹாட்வெயார் நண்பர் அண்மையில் வேறொரு நகரத்தில் கிளை திறக்க யோசித்தார். கடைச் சொந்தக்காரர் முற்பணம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டாராம். "அடுத்த கிழமை சொல்கிறேன், முதலில் அதிபரைக் கண்டுவிட்டு வருகிறேன்" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். மூத்த மகனுக்கு அந்த இரண்டு வருடம் திரும்பி வரப்போவதில்லை. இளைய மகள் இப்போது தரம் 8இல் படிக்கிறாள்.