கூலண்ட் குறைகிறதா? ஊருக்குப் புறப்படும் முன் பாருங்கள்

தீபாவளி நெருங்கிவிட்டால் வானொலிக்கு வரும் அழைப்புகளே மாறிவிடும். பாட்டு கேட்பவர்களைவிடச் சாலை நிலவரம் கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். ஜெலாப்பாங்கைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில், பானெட்டைத் திறந்து வைத்தபடி ஒரு கார் நிற்கிறது என்று யாராவது ஒருவர் சொல்வார். உச்சி வெயில், பின்னிருக்கையில் பிள்ளைகள், பக்கத்தில் சீறிச் செல்லும் லோரிகள். நினைத்தாலே வயிற்றைப் பிசையும்.

எஞ்சின் சூடேறி நிற்பதற்குக் காரணங்கள் பல. அவற்றில் பலரும் பெயர்கூடக் கேள்விப்படாத ஒன்று, தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் ஏற்படும் கசிவு.

கதவும் கூடும்

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஒரு தானியங்கிக் கதவு இருக்கிறது. அதுதான் தெர்மோஸ்டாட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும். பெரும்பாலான கார்களில் 80 முதல் 90 டிகிரி செல்சியஸை எட்டும்போது, அதனுள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். சூடான கூலண்ட் ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பும்.

இந்தக் கதவு பொருந்தியிருக்கும் கூடுதான் ஹவுசிங். இன்று பல கார்களில் அது பிளாஸ்டிக். தினமும் சூடாகி, ஆறி, மீண்டும் சூடாகி, சில ஆண்டுகளில் பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ரப்பர் சீலும் தட்டையாகிவிடும். அங்கேதான் கசிவு தொடங்குகிறது.

தரையில் சொட்டாத கசிவு

என் காருக்கு ஒன்பது வயது. ரிசர்வ் தொட்டியில் கூலண்ட் 'மின்' கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. நிரப்பினேன், இரண்டு வாரத்தில் மறுபடியும் இறங்கியது. ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லை. எஞ்சின் சூட்டில் கசிவு உடனுக்குடன் காய்ந்துவிடும் என்பதைப் பட்டறையில்தான் தெரிந்துகொண்டேன். ஹவுசிங் ஓரத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் பூத்தது போல ஒரு படிவு. அதுதான் அடையாளம்.

முதலில் போன பட்டறையில், "நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு தங்கச்சி? கழட்டிப் போட்டுடலாம்" என்றார்கள். இதைக் கேட்காத கார்காரர் இங்கே குறைவு. ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் தனக்குரிய வெப்பநிலையை அடையவே நேரமெடுக்கும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். அதைவிட முக்கியம், கசிவது கதவல்ல, கூடு. கதவைக் கழற்றினால் கசிவு எப்படி நிற்கும்?

நான் வேறு பட்டறைக்குப் போனேன். எஞ்சின் முழுதாக ஆறும்வரை காத்திருந்தார்கள். கூலண்டை வடித்து, பழைய ஹவுசிங்கைக் கழற்றி, ஒட்டியிருந்த சீல் துணுக்குகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். புதிய ஹவுசிங், புதிய சீல், கூடவே புதிய தெர்மோஸ்டாட். போல்ட்டுகளை அளவாக முறுக்கினார்கள். அதிகம் முறுக்கினால் புதியதும் விரிசல் விடும். பிறகு கூலண்ட் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, ரேடியேட்டர் விசிறி சுழலும்வரை எஞ்சினை ஓட விட்டார்கள். பாகம், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 300 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. எஞ்சின் கொதித்து சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தால் செலவு ஆயிரக்கணக்கில் போயிருக்கும்.

தண்ணீர் ஊற்றினால் போதாதா?

போதாது. கூலண்ட் அழுத்தத்தில் இயங்குவதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. கசிவு இருந்தால் அந்த அழுத்தம் குறையும், சீக்கிரமே கொதிக்கும். நம் நாட்டில் பனி உறையாவிட்டாலும், துருப்பிடிக்காமல் காக்கவும் கூலண்ட் வேண்டும். வெறும் தண்ணீர் அவசரத்துக்கு மட்டுமே.

புறப்படும் முன்

• காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் தொட்டியைப் பாருங்கள். அடிக்கடி குறைந்தால் கசிவைத் தேடச் சொல்லுங்கள். அழுத்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

• காருக்கு அடியில் ஈரமா? நிறமில்லாத சுத்தமான தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏர்கோன் நீர். நிறமும் வழவழப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் கூலண்ட்.

• பல சிறிய கார்களில் வெப்பமானி முள் இல்லை. நீல விளக்கு எஞ்சின் குளிர்ந்திருப்பதைக் காட்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே பாதுகாப்பாக ஓரங்கட்டி, எஞ்சினை அணையுங்கள்.

• நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் பிள்ளைகளோடு தடுப்புக்கு அப்பால் நின்று உதவிக்கு அழையுங்கள்.

• சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தம் விடுபட்டதும் கொதிக்கும் கூலண்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும். எவ்வளவு அவசரமானாலும், ஆறட்டும்.