இல்லாத கை ஏன் வலிக்குது?

குலசேகரன்பட்டினம்னு சொன்னாலே இப்போ எல்லாரும் ராக்கெட் ஏவுதளம் பத்திதான் கேக்குறாங்க. இன்னைக்கு ராக்கெட் இல்லை, மூளை.

படகு வின்ச்சுல மாட்டியோ, பைக் விபத்துலயோ கையை இழந்தவங்கள்ல பலர், "இல்லாத கை வலிக்குது"ன்னு சொல்வாங்க. வீட்ல இருக்கவங்க அதை மனப்பிரமைன்னு ஒதுக்கிடுறதும் உண்டு. அந்த வலிக்குக் காரணம் தேடினவர்தான் வி. எஸ். ராமச்சந்திரன். 1951-ல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிச்சு, கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. முடிச்சு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்குப் போனவர்.

நம்ம மூளையின் மேற்பரப்பில் மொத்த உடம்புக்கும் ஒரு வரைபடம் இருக்கு. அதில் கைக்குப் பக்கத்து இடம் முகத்துக்கு. கையை இழந்த ஒருத்தரோட கன்னத்தை ராமச்சந்திரன் பஞ்சுக்குச்சியால் தொட்டார். "இல்லாத விரலையும் தொடுறீங்க"ன்னார் அவர். கையிலிருந்து சிக்னல் வராமல் போன நரம்பு செல்களுக்கு, பக்கத்து முகத்தின் சிக்னல் போகுதுன்னு ராமச்சந்திரன் விளக்கினார்.

சிலருக்கு இல்லாத கை இறுக்கி மூடின மாதிரியே இருக்கும், விரிக்க முடியாது. மூளை "விரி"ன்னு கட்டளை அனுப்புது. "விரிஞ்சிடுச்சு"ன்னு பதில் வரவே இல்லை. முடியாத லூப் மாதிரி. 1990-களில் ராமச்சந்திரன் ஒரு பெட்டிக்குள்ள கண்ணாடியை நிறுத்தினார். இருக்கிற கையை அசைச்சா, பிம்பத்தில் இழந்த கையும் அசையுற மாதிரி தெரியும். கண் அந்தப் பதிலைக் கொடுத்ததும், சிலருக்கு இறுக்கம் விட்டுச்சு.

கதை அங்கேயே முடியலை. 2007-ல் காலை இழந்த அமெரிக்க ராணுவ வீரர்கள்கிட்ட நடந்த ஒரு சின்ன ஆய்வில், தினமும் 15 நிமிஷம், 4 வாரம் கண்ணாடிப் பயிற்சி செஞ்சவங்களுக்கு வலி குறைஞ்சது. ஆனா எல்லா ஆய்விலும் இதே பலன் கிடைக்கலை. 2013-ல் டமார் மேக்கின் குழு, கையை இழந்தவங்க மூளையில் கைக்கான பகுதி பெருமளவு அப்படியே இருக்குன்னு காட்டினாங்க. அதனால ராமச்சந்திரனோட வரைபட விளக்கம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கு.

விளக்கம் மாறலாம், வலி நிஜம். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது அப்படிச் சொன்னா, "சும்மா இரு"ன்னு சொல்லாதீங்க. டாக்டர்கிட்டயோ பிசியோதெரபிஸ்ட்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க. கண்ணாடிப் பயிற்சி அவங்களுக்குச் சரிப்படுமான்னு கேளுங்க.