பேரேட்டில் ஏறாத பற்று

திருவனந்தபுரத்து ஆரியசாலையை அவ்வூர்த் தமிழருக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. பிற மாநிலங்களில் வாழும் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: சாலைக் கடைத்தெருவை ஒட்டிய வணிகப் பகுதி அது, தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தும் இடம். தமிழ்நாட்டிலிருந்து காய்கறியும் பலசரக்கும் ஏற்றிய லாரிகள் அங்கு வந்து இறங்கும். சரக்கு விலை, வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, தரகு என வணிகர் பேரேட்டில் எழுதாத செலவு இல்லை. ஆயினும் ஒன்று மட்டும் எவர் பேரேட்டிலும் ஏறுவதில்லை. வண்டியின் புகையோடு வெளியேறும் கரியமில வாயுவால் விளையும் நட்டமே அது.

இதனை ஆங்கிலத்தில் 'கரியின் சமூகச் செலவு' எனப் பொருள்படும் தொடரால் குறிப்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தொடர் நிறைவளிக்கவில்லை. ஒருவர் வரவு வைத்துக்கொள்ள, மற்றொருவர் தலையில் விழும் பற்று என்பதே இதன் கருத்து. இத்தகைய நட்டத்தை வரியால் ஈடுசெய்யலாம் என்பதை ஆங்கிலப் பொருளியலறிஞர் பிகு 1920இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தட்பவெப்ப மாற்றத்தைப் பொருளாதாரக் கணக்குக்குள் கொணர்ந்த நார்டாஸ் 2018இல் நோபெல் பரிசு பெற்றார்.

அதே ஆண்டில் ரிக் முதலிய ஆய்வாளர் நாடுவாரியாக இக்கணக்கைப் போட்டனர். ஒரு டன் கரியமில வாயுவால் உலகிற்கு விளையும் நட்டம் சுமார் 417 டாலர். அதில் இந்தியாவின் பங்கு 86 டாலர். அமெரிக்காவின் பங்கு 48. நாடுகளுள் முதலிடம் நமக்கே! ஏற்கெனவே வெப்பம் மிகுந்த நாடு. வெயிலில் நின்று உழைப்போர் கோடிக்கணக்கானோர். வேளாண்மையோ மழையை நம்பியது. அந்த ஒரு டன் எங்கே வெளியேறினும் இந்த 86 டாலர் நம் தலையிலேயே விழும் என்பதைக் கருத வேண்டும். வாயுவுக்கு எல்லைச் சாவடி இல்லையன்றோ? இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன்னும், அமெரிக்கர் ஒருவர் அதைப் போல் ஆறேழு மடங்கும் வெளியிடுகின்றனர்.

நாகர்கோவிலிலிருந்து ஆரியசாலைக்கு வரும் லாரியை எடுத்துக்கொள்வோம். தொலைவு சுமார் 70 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுமெனில் 17½ லிட்டர் டீசல் எரியும். கரியமில வாயு ஏறக்குறைய 47 கிலோ. டாலருக்கு 70 ரூபாய் என்று வைத்தால், இந்தியாவுக்கு நட்டம் சுமார் 280 ரூபாய். உலகம் முழுமைக்கும் 1,370 ரூபாய். இவ்வெண்கள் கல்லில் பொறித்தவை அல்ல. நூறாண்டு கழித்து நேரும் இழப்புக்கு இன்று என்ன மதிப்பு என்பதில் அறிஞரிடையே பெரும் பிணக்கு உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023இல் உலக நட்டத்தை டன்னுக்கு 190 டாலர் என்றே மதித்தது.

நம் அரசும் இப்பற்றைச் சிறிது வசூலிக்க முற்பட்டதுண்டு. 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தீர்வை விதித்தது. 2016இல் அது 400 ரூபாயாயிற்று. ஒரு டன் நிலக்கரி ஏறத்தாழ ஒன்றரை டன் வாயுவைத் தருமாகையால், வாயுவின் டன்னுக்குச் சுமார் 270 ரூபாய் வசூலாயிற்று எனலாம். மேற்சொன்ன 86 டாலரோ 6,000 ரூபாய். 2017இல் அத்தீர்வை சரக்கு சேவை வரியின் ஈட்டுத் தீர்வையோடு கலந்தது. 2025 செப்டம்பரில் அதுவும் நீங்கி, நிலக்கரி மீதான வரி 5 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்ந்தது. முன்னது எடையின் மேல் விதித்தது. பின்னது விலையின் மேல் விதிப்பது. ஆதலின் இனி விலையுயர்ந்த நல்ல கரி மிகுதியாகவும், சாம்பல் மிகுந்த மலிவான கரி குறைவாகவும் வரி செலுத்தும்.