கைத்தொழிலுக்கு ஒரு நாழிகை

"நேரமில்லை" என்ற சொல் நமது நாட்டில் சர்வரோக நிவாரணியாக வழங்கி வருகிறது. வாலிபத்தில் சித்திரம் எழுதிக்கொண்டிருந்த வக்கீலும், மிருதங்கம் பயின்ற உபாத்தியாயரும், உளியும் சுத்தியும் கொண்டு தேக்கு மரத்தில் பூவேலை செய்து பார்த்த குமாஸ்தாவும், நாற்பது வயதை எட்டியவுடன் அவற்றைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, காரணம் கேட்டால் இந்த ஒரு சொல்லையே விடையாகத் தருகின்றனர். பொதுவாழ்வில் ஈடுபட்ட ஊழியர்களைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. கூட்டம், கமிட்டி, சுற்றுப்பிரயாணம் ஆகியவை போக எஞ்சும் பொழுதையும் கைபேசி விழுங்கிவிடுகிறது. கையால் ஒன்றை ஆக்குவது சாவகாசமுள்ள சீமான்களின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் தவறு என்பதும், இதனால் நஷ்டமடைவோர் தனி மனிதர்கள் மட்டுமல்லர் என்பதும் நமது அபிப்பிராயம்.

நமது முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை இருபத்துநான்கு நிமிஷம். இந்த அறுபதில் ஒன்றைக் கைத்தொழிலுக்கு ஒதுக்கும்படி ஒரு பெரிய அரசியல் ஸ்தாபனம் தன் அங்கத்தினர்களைச் சட்டபூர்வமாகவே கேட்ட காலம் ஒன்று உண்டு. 1924-ம் வருஷம் டிசம்பர் மாதம் காந்தியடிகளின் தலைமையில் பெல்காமில் கூடிய காங்கிரஸ் மகாசபை, அங்கத்தினராக விரும்புவோர் மாதம் 2,000 கெஜம் நூல் சந்தாவாகத் தரவேண்டும் என்று விதித்தது. நாள் ஒன்றுக்குச் சுமார் 67 கெஜம்தான். கை பழகியவருக்கு அது அரை மணி நேரத்து வேலைகூட அன்று. உலகத்தில் எந்தக் கட்சியும் காசுக்குப் பதிலாகக் கைவேலையைச் சந்தாவாகக் கேட்டதாக நாம் அறியோம்.

ஆனால் அந்த விதியிலேயே ஓர் ஓட்டையும் இருந்தது. நோயினாலோ, விருப்பமின்மையாலோ நூற்க இயலாதவர், பிறர் நூற்ற நூலை வாங்கிச் செலுத்தலாம் என்று இடம் கொடுத்திருந்தனர். சட்டப் புத்தகங்களோடு பழகிய நமக்கு இத்தகைய விதிவிலக்குகளின் கதி நன்கு தெரியும். வாசலைவிடப் புழைக்கடை பெரிதானால் வாசலால் யாரும் வரமாட்டார்கள். அடுத்த வருஷமே, 1925 செப்டம்பரில் பாட்னாவில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி, வருஷத்துக்கு நாலணா அல்லது சுயமாக நூற்ற 2,000 கெஜம் நூல் என்று நிபந்தனையைத் தளர்த்தியது. மாதக் கணக்கு வருஷக் கணக்காயிற்று. நாலணாவைக் கொடுப்பது எவருக்கும் எளிது. நூற்கும் வேலை அப்போது பிறந்த அகில இந்திய சர்க்கா சங்கத்தின் பொறுப்பாயிற்று. தேசபக்தர்கள் கதரை உடுத்தினார்கள். நூற்றவர்களோ பெரும்பாலும் கிராமத்து ஏழைப் பெண்கள். கதர் பரவியது, ஆனால் படித்தவனின் கைக்கு வேலை கொடுப்பது என்ற மற்ற பாதி நோக்கம் கைநழுவிற்று. இந்த இரண்டாவது விஷயத்தை நமது சரித்திர ஆசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

அதே செப்டம்பரில் கவி ரவீந்திரநாதர் 'மாடர்ன் ரிவியூ' பத்திரிகையில் இராட்டையைக் கண்டித்து எழுதிய கட்டுரை பெரும் பரபரப்பை உண்டாக்கியது. எல்லோரையும் ஒரே சக்கரத்தின் முன் உட்கார வைத்து ஒரே அசைவை ஓயாது செய்யச் சொல்வது மனத்தை மழுங்கச் செய்யும் என்பது அவர் வாதத்தின் சாரம். காந்தியடிகள் நவம்பரில் 'யங் இந்தியா'வில் விடை பகர்ந்தார். கவி கவிதையை விடவேண்டாம், உழவன் ஏரை விடவேண்டாம். ஒரு நாளில் முப்பது நிமிஷம் மட்டும் தியாகமாகத் தரும்படியே கேட்கிறேன் என்பது அவர் நிலை. இருவரில் யார் கட்சி வென்றது என்று தீர்ப்புக் கூறுவது நமது உத்தேசமன்று. எனினும் ஒன்று சொல்ல வேண்டும். கைத்தொழிலைக் கவி வெறுத்தாரில்லை. 1922-லேயே சாந்திநிகேதனத்துக்கு அருகில் ஸ்ரீநிகேதனத்தை நிறுவி, நெசவையும் தோல் வேலையையும் மரவேலையையும் வளர்த்தவர் அவர். கையின் உழைப்பில் மனத்தின் கற்பனைக்கும் இடம் வேண்டும் என்பதே அவர் கோரியது. அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே நாம் கருதுகிறோம்.

உத்தியோகமும் கைத்தொழிலும் ஒருவரிடத்தில் சேர்ந்து வாழ முடியுமா என்று கேட்போருக்கு, நம்மவர் ஒருவரையே உதாரணமாகக் காட்டலாம். இலங்கைத் தமிழராகிய ஸர் முத்து குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆராய்ச்சி இலாகாவுக்குத் தலைவராக இருந்தார். கல்லையும் மண்ணையும் சோதிப்பதே அவருக்குச் சம்பளம் தந்த வேலை. அந்த உத்தியோகத்தின் பொருட்டுக் கண்டி நாட்டுக் கிராமங்களில் சுற்றிய நாட்களிலேயே தச்சரையும், கொல்லரையும், குயவரையும், பாய் முடைவோரையும் கண்டு, அவர்கள் தொழிலின் நுணுக்கங்களைக் குறித்துக்கொண்டார். பின்னர் இங்கிலாந்து சென்று, அந்தக் குறிப்புகளைக் கொண்டு எழுதிய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலைக் கை அச்சியந்திரத்தில் தமது மேற்பார்வையிலேயே அச்சிட்டார். 425 பிரதிகளை முடிக்க 1907 செப்டம்பர் முதல் 1908 டிசம்பர் வரை சென்றது. ஒவ்வொரு நாளும் இரவு பத்து மணிக்குள் பத்திரிகையை முடித்தாக வேண்டிய நமக்கு இந்தப் பதினைந்து மாதத்தை நினைக்கப் பொறாமையாக இருக்கிறது என்பதை மறைப்பானேன்?

அந்த யந்திரம் முன்பு வில்லியம் மாரிஸ் என்னும் ஆங்கிலக் கவியுடையதாயிருந்தது. மாரிஸ் வியாபாரி, கம்பெனி நடத்தியவர், அரசியல் மேடைகளில் பேசி அலைந்தவர். 1879-ல் தமது படுக்கையறையிலேயே ஒரு தறியை நாட்டி, சித்திரத் திரை ஒன்றைத் தம் கையாலேயே நெய்தார். அதற்குச் சென்ற நேரத்தையும் கணக்கு வைத்திருந்தார்: ஐந்நூற்றுப் பதினாறு மணி. நேரமில்லை என்று சொல்ல அவரைவிட அதிகக் காரணமுள்ளவர் நம்மில் எத்தனை பேர்?

இனி நமது நிலக்கோட்டைக்கு வருவோம். கைத்திறன் இந்தச் சீமைக்குப் புதிதன்று. விடியுமுன் கொடியிலிருந்து பறித்த மல்லிகை மொட்டு, விரியுமுன்னே சந்தைக்கு வந்து சேருகிறது. அதை வாழை நாரில் கண்ணி கண்ணியாகக் கட்டும் பெண்ணின் விரல்களை ஒரு நிமிஷம் நின்று பார்த்தவர், கைவேலை மனத்தை மழுக்கும் என்று எளிதில் சொல்லமாட்டார். நெருக்கிக் கட்டுவதா, கலக்கக் கட்டுவதா, கதம்பத்தில் மரிக்கொழுந்தை எத்தனை கண்ணிக்கு ஒரு முறை வைப்பது என்பதெல்லாம் அவள் தீர்மானம். எழுத்துத் தொழிலிலும் இந்தப் பக்கம் பின்தங்கியதன்று. வத்தலக்குண்டு என்ற ஒரே ஊர் இராஜமய்யரையும், பி.எஸ். ராமையாவையும், சி.சு. செல்லப்பாவையும் தமிழுக்குத் தந்தது. வடக்கே சின்னாளபட்டியின் தறிகள் இருக்கின்றன. அதன் அருகிலேயே, அம்பாத்துரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், டாக்டர் சௌந்தரமும் ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் நிறுவிய காந்திகிராமம் இருக்கிறது. கல்வியும் கைத்தொழிலும் வைத்தியமும் ஒரே முற்றத்தில் நடைபெற வேண்டும் என்ற நோக்கத்தோடு தோன்றிய அது, 1956-ல் கிராமியக் கல்வி நிலையமாகவும் 1976-ல் சர்வகலாசாலைக்குச் சமமான ஸ்தாபனமாகவும் வளர்ந்தது.

இங்கே ஒரு பேதத்தை நாம் மறக்கலாகாது. மேஜையின் முன் உட்காரும் வக்கீலுக்குக் கைவேலை இல்லை என்பது குறை. கூலிக்கு நெய்யும் நெசவாளிக்கோ கைவேலை போதும் போதும் என்றிருக்கிறது. பாவும் ஊடையும் முதலாளி கொடுத்தது. கரையின் மாதிரியும் முதலாளி கொடுத்தது. தம் மனத்தில் தோன்றிய ஒரு பூவை, ஒரு கரையைத் தறியில் ஏற்றிப் பார்க்க அவருக்கு நாள் ஏது? சோதனைக்காக ஒரு பாவை ஒதுக்கினால் அந்த வாரத்துக் கூலி போயிற்று. ஆகவே நாம் கேட்கும் அந்த ஒரு நாழிகை, ஒருவருக்குக் கையைப் பழக்கும் நேரம். மற்றொருவருக்குக் கைக்கு யஜமானனாக இருக்கும் நேரம். இரண்டையும் ஒன்றென்று மயங்கியதாலேயே பல நல்ல திட்டங்கள் கெட்டன.

கைத்தொழில் என்றவுடன் தமிழ்நாட்டில் பலருக்கு 1953-ம் வருஷத்து ஞாபகம் வருவது இயற்கை. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும், மீதி நேரம் வீட்டில் பெற்றோர் தொழிலிலும் கழிக்கலாம் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டம், குலக்கல்வி என்று கண்டிக்கப்பட்டது. 1954-ல் அவர் பதவி விலக, காமராஜர் அதைக் கைவிட்டார். ஆட்சேபித்தவர்கள் கூறியதில் நியாயம் இருந்தது என்பதை ஒளிவின்றிச் சொல்கிறோம். குயவன் மகன் குடத்தையும் வக்கீல் மகன் புத்தகத்தையும் பிடிக்க வேண்டும் என்று பிறப்பு விதிக்குமானால் அது கலையன்று, விலங்கு. வக்கீல் மகன் சக்கரத்தின் முன் உட்கார்ந்து மண்ணைப் பிசைவதும், குயவன் மகன் விரும்பினால் வீணை பழகுவதும் எப்போது சாதாரணமாகிறதோ அப்போதே கைத்தொழிலின் பெயரில் படிந்த மாசு நீங்கும்.

இனி முக்கியமான விஷயம். நிலக்கோட்டையிலும் திண்டுக்கல் ஜில்லா முழுவதிலும் நூற்பு மில்களில் ஷிப்டு முறையில் வேலை செய்யும் வாலிபரும் பெண்களும் ஏராளம். காந்தியடிகள் அரை மணி நேரம் நூற்கச் சொன்னார். இவர்களோ ஷிப்டு முழுவதும் நூற்கிறார்கள். இவர்களிடம் சென்று, "ஓய்வு நேரத்தில் ஏதேனும் கைவேலை செய்யுங்கள்" என்று உபதேசிக்க நமக்கு வாய் எழாது. முதலில் ஓய்வு நேரம் இருக்க வேண்டும். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களித்து, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் மசோதா ஒன்று 2023 ஏப்ரல் 21-ல் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்ததால் சில தினங்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் சம்பளத்தைப் பற்றியும் களைப்பைப் பற்றியும் பேசினார்கள், அது சரியே. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவன் மறுபடி ஒரு குழலை ஊதவோ, ஒரு கூடை முடையவோ, ஒரு வரி எழுதவோ வகையற்றுப் போவான் என்பதை எடுத்துரைத்த குரல் நமது காதில் விழவில்லை.

அரசியல் சாசனத்தின் 43-வது ஷரத்தை நமது நண்பர்கள் எடுத்துப் படிக்க வேண்டுகிறோம். வாழ்வதற்குப் போதிய ஊதியத்தோடு, ஓய்வை முழுவதும் அனுபவிக்கவும் சமூக, கலாசார வாய்ப்புகளைப் பெறவும் ஏற்ற வேலை நிலைமைகளைத் தொழிலாளர் அனைவருக்கும் உண்டாக்க சர்க்கார் முயல வேண்டும் என்று அது கூறுகிறது. அதே ஷரத்தின் கடைசிப் பகுதியே கிராமங்களில் குடிசைத் தொழில்களை வளர்க்கும்படி சொல்லுகிறது. ஓய்வையும் கைத்தொழிலையும் ஒரே ஷரத்தில் அமைத்தார்கள். வழிகாட்டும் கோட்பாடுகளில் ஒன்றாகையால் இதைக் கொண்டு கோர்ட்டில் வழக்காட முடியாது. வழக்காட முடியாததைக் கேட்டு வாங்கும் பொறுப்பு வக்கீல்களுடையதன்று, அரசியல் ஊழியர்களுடையது.

என்ன கேட்பது? மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும் பள்ளிக்கூடக் கட்டடங்களில் ஒன்றையேனும் இரவு எட்டு வரை திறந்து வைத்து, அங்கே ஒரு தறியும், ஒரு தச்சுப் பட்டறையும், ஒரு குயவர் சக்கரமும் அமைக்கும்படி நிலக்கோட்டைப் பேரூராட்சியைக் கேட்கலாம். கற்பிக்க வெளியூரிலிருந்து நிபுணரை வருவிக்க வேண்டுவதில்லை. தறிக்காரரும் ஆசாரியும் குயவரும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு உபாத்தியாயருக்குரிய சம்பளமும் மரியாதையும் தரப்பட வேண்டும். சின்னாளபட்டி நெசவாளிக்கு வருஷத்தில் ஒரு பாவாவது தம் மனம்போல் நெய்ய, நூலும் அந்த நாட்களின் கூலியும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து கிடைக்க வேண்டும். மில் விடுதிகளில் இருக்கும் பெண்கள் வாரத்தில் ஒரு மாலையேனும் தடையின்றி வெளியே வந்து இத்தகைய இடத்துக்குச் செல்ல உரிமை வேண்டும். வக்கீல் நண்பர்களுக்கோ யாரிடமும் மனுப்போட வேண்டிய அவசியமில்லை. வாய்தாவுக்காகக் கோர்ட்டு வராந்தாவில் காத்திருக்கும் நேரமே போதும். தக்ளிக்கு வேண்டுவதெல்லாம் ஒரு மூங்கில் குச்சியும் அடியில் கோக்க ஒரு சில்லும்தான். அதைக் கைப்பையில் எடுத்துச் செல்வதற்கு எந்த நீதிபதியும் ஆட்சேபம் சொல்லமாட்டார்.