தோளில் சுமந்த பெயர்கள்

ஆண்டில் ஒரே நாள். அதுவும் ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. எருசலேம் ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பாவநிவாரண நாளன்று பிரதான ஆசாரியர் மட்டுமே நுழைய முடிந்தது. இதைக் கேட்டதும், பரிசுத்தம் என்றால் மக்களை விட்டு விலகி நிற்பது என்றே பலரும் எண்ணிவிடுகிறார்கள். எபிரெய வேதம் காட்டும் ஆசாரியர் அப்படிப்பட்டவர் அல்ல.

யாத்திராகமம் 28-ஆம் அதிகாரம் அவருடைய உடையை விரிவாக வர்ணிக்கிறது. ஏபோத் என்னும் மேலாடையின் தோள்பட்டைகளில் இரண்டு கோமேதகக் கற்கள். கல்லுக்கு ஆறாக, இஸ்ரவேலின் 12 கோத்திரப் பெயர்களும் அவற்றில் வெட்டப்பட்டிருக்கும். மார்ப்பதக்கத்தில் நான்கு வரிசைகளாக 12 கற்கள். அவற்றிலும் அதே பெயர்கள். தோளிலும் நெஞ்சிலும் மக்களைச் சுமந்துகொண்டுதான் அவர் கடவுள் முன் போய் நிற்க வேண்டும். தனக்காக மட்டும் உள்ளே போகிற ஆசாரியரை அந்த அதிகாரம் அறியாது.

பாவநிவாரண நாளின் சடங்கு அவரை இன்னும் தாழ்த்துகிறது. பொன்னாடை வேண்டாம், சணல்நூல் உடை போதும் என்கிறது லேவியராகமம் 16. முதலில் தன் பாவத்துக்காகவும் தன் வீட்டாருக்காகவும் ஒரு காளையைப் பலியிட வேண்டும். அதன் பிறகே மக்களுக்கான வெள்ளாட்டுக்கடாக்களுக்கு வர முடியும். பிரதான ஆசாரியர் ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் அந்நிய அக்கினியைக் கொண்டுவந்து மாண்ட பின்னரே இந்த ஒழுங்கு தரப்பட்டது. ஆசாரியரின் பிள்ளைகள் என்பதற்காக அவர்களுக்கும் சலுகை கிடைக்கவில்லை.

வயல் ஓரம் வரை

லேவியராகமம் 19 பரிசுத்தத்தைப் பலிபீடத்தோடு நிறுத்திவிடாமல், முழுச் சபைக்கும் கட்டளையாக்குகிறது. வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட வேண்டும். கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது. தராசும் படிக்கல்லும் சரியாக இருக்க வேண்டும். பிறனை நேசிக்கும் கட்டளையும் இதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

இது மறக்கப்பட்ட காலத்தில் தீர்க்கதரிசிகள் கொதித்தெழுந்தார்கள். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ஆமோஸ், ஏழையை மிதித்துக்கொண்டு கொண்டாடும் பண்டிகைகளைக் கடவுள் வெறுக்கிறார் என்று முழங்கினார். பெத்தேலின் ஆசாரியர் அமத்சியாவோ, ஊரை விட்டுப் போகும்படி அவரை விரட்டினார்.

எல்லோரும் ஆசாரியர்

கி.பி. 70-இல் ரோமப் படை ஆலயத்தை இடித்ததோடு எருசலேமில் பலிகள் நின்றன. யூத மக்கள் ஜெபத்திலும் வேத வாசிப்பிலும் இரக்கச் செயல்களிலும் வழிபாட்டைக் காத்தார்கள்.

கிறிஸ்தவர்களுக்கு இயேசுவே நிரந்தரப் பிரதான ஆசாரியர். அவர் ஆசாரியருக்குரிய லேவி கோத்திரத்தவர் அல்ல, யூதா கோத்திரத்தவர். பழைய ஏற்பாட்டு ஆசாரியரான மெல்கிசேதேக்கின் முறைமைப்படி வந்தவர் என்கிறது எபிரெயர் நிருபம். அவர் தம்மையே ஒரே தரம் பலியாகத் தந்தார் என்று கற்பிக்கும் அதே நிருபம், நன்மை செய்வதும் பகிர்ந்து கொடுப்பதும் கடவுளுக்குப் பிரியமான பலிகள் என்றும் சொல்கிறது. விசுவாசிகள் எல்லோரும் ஆசாரியக் கூட்டம் என்கிறது பேதுருவின் முதல் நிருபம். 1520-இல் மார்ட்டின் லூதர் இதை உரக்கச் சொன்னார். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் விசுவாசிகளின் பொது ஆசாரியத்துவத்தை எடுத்துரைத்தது.

இது பெருமைக்கான பட்டம் அல்ல, பொறுப்பு. ஆராதனைக்குப் போகும் ஒவ்வொருவரும் யாருடைய பெயரைச் சுமந்து போகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கூலி கிடைக்காதவரும் வாசலில் நிற்கும் அந்நியரும் அந்தப் பெயர்களில் இல்லையென்றால், எவ்வளவு உருக்கமாகப் பாடினாலும் அது வேதம் கேட்கும் வழிபாடு ஆகாது.